பதினான்கு பேர் வரைந்த பாதி மலை

அத்தியாயம் பதினொன்று

அந்தக் கடிதம் மூன்று நாளாகச் சாப்பாட்டு மேசையிலேயே கிடந்தது. காற்றுக்குப் பறந்துவிடாதபடி அதன் மேல் உப்புக் கோப்பையை வைத்திருந்தாள் ஜஹானா. ஒருவரும் அதை எடுத்து உள்ளே வைக்கவில்லை, கிழித்துப் போடவுமில்லை. சோற்றையும் கறியையும் அதைச் சுற்றித்தான் வைத்தார்கள்.

கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. ருக்கியாவால் அதில் எழுத்துக்கூட்டி வாசிக்க முடிந்தது மகளின் பெயரை மட்டும்தான். மற்றதை ஜஹானா முதல் நாளே தமிழில் சொல்லிவிட்டாள். மண்ணியல் பரீட்சையில் பதினான்கு பேரின் விடைத்தாள்கள் ஒரே வசனங்களில் இருந்தன. அத்தனையும் ஜஹானாவின் வசனங்கள். பதினான்கு பேரும் ஒரே இடத்தில், ஒரே மாதிரிப் பிழைவிட்டிருந்தார்கள். ஜஹானாவின் தாளில் மட்டும் அந்தப் பிழை இல்லை. ஆகவே பரீட்சை மண்டபத்துக்குள் விடைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தவள் தானே என்று அவள் ஒப்புக்கொண்டு கையொப்பமிட வேண்டும்.

இட்டால் அவளுக்கு ஒரு வருடத் தடை. மற்றவர்கள் மறுபடி பரீட்சை எழுதலாம். இடாவிட்டால் விசாரணை முடியும்வரை பதினைந்து பேரின் பெறுபேறும் நிறுத்தி வைக்கப்படும்.

முதல் விசாரணை இன்று பிற்பகல் இரண்டு மணிக்கு.

"ஒரு வருஷம்தானே தங்கச்சி," என்றான் மூத்தவன் பஹீம், சப்பாத்துக்குள் காலை நுழைத்தபடி. கண்டி நகரில் ஒரு வங்கியில் வேலை அவனுக்கு. "சைன் வச்சிட்டு வா. பதினாலு பேருட வாழ்க்கைய நீ ஏன் பிடிச்சு வச்சுக்கிட்டு ஈக்கிற?"

"செய்யாத வேலைக்கு நான் சைன் வைக்க ஏலா, நானா."

"நீ எழுதின வசனம்தானே அவங்கட பேப்பர்ல ஈக்கு?"

"ஓ. குப்பியில குடுத்த நோட்ஸ். அத மனப்பாடம் பண்ணி எழுதினாங்க. ஹோலுக்குள்ள ஒரு துண்டுக் கடதாசி போகல்ல."

குப்பி என்பது பல்கலைக்கழக வளாகத்து மாணவர்கள் தங்களுக்குள் நடத்தும் வகுப்பு. மின்சாரம் இல்லாத அறைகளில் போத்தல் விளக்கைச் சுற்றி இருந்து படித்த காலத்தில் வந்த பெயர் என்பார்கள். விளக்குப் போய்விட்டது, பெயர் நிலைத்துவிட்டது. விரிவுரை மண்டபத்தில் ஆங்கிலத்தில் கேட்டதை, மாலையில் ஒரு கொங்கிறீட் பெஞ்சில் தமிழில் விளங்கிக்கொள்வார்கள். பக்கத்துப் பெஞ்சில் அதையே சிங்களத்தில் செய்துகொண்டிருப்பார்கள்.

"தமிழ்ல படிக்கணுமெண்டா ஏன் இங்கிலிஷ் பெகல்டிக்கு வந்த?" என்றான் பஹீம். "உலகம் இங்கிலிஷ்லதான் ஓடுது. நான் நாளைக்கு பேங்க்ல தமிழ்ல ஒரு ஈமெயில் போட்டுப் பாக்கட்டுமா?"

"இந்தப் பாடத்த தமிழ்ல படிக்க வேற பெகல்டி எங்க ஈக்கு, காட்டுங்க. பள்ளிக்கூடத்துல உயர்தரம் வரைக்கும் தமிழ்ல படிக்க வச்சிட்டு, கேட்டுக்குள்ள காலெடுத்து வச்ச நாளில ஈந்து எல்லாம் இங்கிலிஷ். ரெண்டு மாசம் இங்கிலிஷ் கோர்ஸ் தந்தாங்கதான். அதுல என்ன படிச்சுத் தந்தாங்க தெரியுமா? ஹோட்டல்ல ரூம் புக் பண்றது எப்பிடியெண்டு!"

"அப்ப நல்லதுதானே. எனக்கு நுவரெலியாவில ஒரு ரூம் போட்டுத் தா."

ஜஹானாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பஹீமும் சிரித்தான். ஆனால் வாசலில் நின்று, தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சிரிப்பில்லாத குரலில் கேட்டான்:

"வாப்பா ஈந்தா என்ன செல்லுவார்?"

 அவர்களுடைய வாப்பா பளீல் வபாத்தாகி, அடக்கம் செய்து ஒன்பது மாதம். அவர் இருந்த காலத்திலேயே வளாகத்தைப் பற்றிக் கேட்டால் அதிகம் பேசமாட்டார். அவரும் அந்த வாசலால் உள்ளே போனவர்தான். இரண்டாம் வருடத்தில் வெளியே வந்துவிட்டார். தகப்பனுக்குச் சுகமில்லாமல் போனதால் படிப்பை விட்டதாகச் சொல்வார். பிறகு அதே வாசல் தெரிகிற இடத்தில் ஒரு கொமியூனிகேஷன் கடை போட்டு, வாழ்நாள் முழுவதும் மற்றவர்களின் பாடக் குறிப்புகளைப் பிரதி எடுத்துக் கொடுத்தார்.

கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கும் இத்தா முடிந்த மறுநாளே அந்தக் கடையைத் திறந்தவள் ருக்கியா. ஊரில், கெலிஓயாவில், அதைப் பற்றி இன்னும் பேசுகிறார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டாள்.

"உம்மா, நீங்க என்ன செல்றீங்க?" என்றாள் ஜஹானா.

ருக்கியா மேசையைத் துடைத்தாள். கடிதம் கிடந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுத் துடைத்தாள்.

"உனக்குச் சரியெண்டு பட்டதச் செய் மகள். ஆனா பேனையத் தொட முந்தி ஒருக்கா என்ட முகத்த நினைச்சுக்க."

*

பத்து மணிபோல அனுஷியா கடைக்கு வந்தாள். வத்தேகமவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. அந்தப் பதினான்கு பேரில் ஒருத்தி. கண்கள் வீங்கியிருந்தன.

"ஆன்ட்டி, ஜஹானாகிட்ட சொல்லுங்க, எங்களுக்காக அவ கையெழுத்துப் போட வேணாம். நாங்க எல்லாரும் பேசிட்டோம். ரிசல்ட் வராட்டி பரவாயில்ல."

"உங்க வீட்ல என்ன சொன்னாங்க?"

"அப்பாகிட்ட இன்னும் சொல்லல. சொன்னா ஒண்ணும் பேச மாட்டாரு. அதான் பயமா இருக்கு."

ருக்கியா கதிரையை இழுத்துப் போட்டாள். பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாள். அனுஷியா பையிலிருந்து குறிப்புக் கட்டை எடுத்து மேசையில் வைத்தாள். மூலையில் ருக்கியாவின் கையால் பின் அடித்த கட்டு.

"இதுலதான் ஆன்ட்டி படிச்சோம். ஒரு எழுத்து மாத்தல. படத்தக்கூட அப்படியே வரைஞ்சோம்."

"என்ன படம்?"

"மலைச்சரிவுல தண்ணி வடியக் கான் வெட்டுறது எப்படின்னு ஒரு படம். பாதி மலைதான் இருந்துச்சு. வெள்ளைக்காரங்க புத்தகத்துல அப்படித்தான் வரைவாங்க போலன்னு நினைச்சோம்."

ருக்கியா பக்கங்களைப் புரட்டினாள். ஆங்கிலம் அவளுக்கு ஒரு நீண்ட வேலி மாதிரித்தான் தெரிந்தது. எழுத்தை விட்டுவிட்டுப் படத்தைத் தேடினாள். எட்டாம் பக்கத்தின் அடியில் ஒரு மலை, இடது பக்கம் மட்டும். கோடுகள் தாளின் வலது ஓரம் வரை வந்து, அந்தரத்தில் நின்றன. அடுத்த பக்கத்தில் மலையைக் காணவில்லை. வெறும் எழுத்து.

ஆறாம் பக்கத்துக்குப் போனாள். அடுத்ததைத் திருப்பினாள்.

ஏழாம் பக்கத்தின் அடியில் மலையின் மற்றப் பாதி இருந்தது.



கடைக்குள் போய் அலுமாரியைத் திறந்து மூலப்பிரதி வைத்த கோப்பை எடுத்தாள். அதிலும் அப்படியே இருந்தது. ஏழாவதாக இருக்க வேண்டிய தாள் ஒன்பதாவதாக, ஒன்பதாவது ஏழாவதாக. எப்படி நடந்தது என்று அவளுக்கு உடனே நினைவு வந்தது. முதலில் எடுத்துக் கொடுத்த முப்பது கட்டும் சரி; அதைப் படித்தவர்களின் விடைகளில் பிழை இல்லாததால் ஒருவரும் கவனிக்கவில்லை. மறுநாள் இன்னும் பதினான்கு கேட்டார்கள். அன்று மூலப்பிரதி மேசையிலிருந்து சரிந்து நிலத்தில் கொட்டியது. பொறுக்கி அடுக்கியவள் அவள்தான். கடை திறந்த முதல் கிழமை. பளீலின் மூக்குக்கண்ணாடி அந்த மேசை லாச்சிக்குள்தான் இருந்தது. லாச்சியைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்த நாட்கள்.

பளீல் எந்தக் கட்டையும் இயந்திரத்தில் வைக்கும் முன் தாள்களைக் கவிழ்த்து, பின்புற மூலையில் பென்சிலால் சின்னதாக இலக்கம் போடுவார். ஆயிரம் பக்கமானாலும் போடுவார். அதனால் அந்த வீட்டில் ஒருவருக்கும் பக்க இலக்கம் எழுதும் பழக்கமே வரவில்லை. ஜஹானா பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே வெறும் தாளைத்தான் நீட்டுவாள். வாப்பா போடுவார்.

இந்த முறை ஜஹானாவும் போடவில்லை. ருக்கியாவும் போடவில்லை. போடுகிறவர் இல்லை என்பதை இரண்டு பேருமே மறந்துபோனார்கள்.

ருக்கியா கோப்பிலிருந்து ஏழாவதையும் எட்டாவதையும் உருவிக் கையில் எடுத்தாள். பிறகு வெளியே வந்தாள்.

"மகள், மற்றப் பதிமூணு பேரும் எங்க?"

"எல்லாரும் கெம்பஸ்லதான் ஆன்ட்டி."

"அவங்கட கட்டெல்லாம் பத்திரமா ஈக்கா?"

"இருக்கும். ஏன் ஆன்ட்டி?"

"கொண்டு வரச் செல்லு. எல்லாரும். ரெண்டு மணிக்கு."

அனுஷியா தாள்களையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தானே அந்த இரண்டு பாதிகளையும் பக்கத்தில் வைத்தாள். மலை முழுதாக வந்தது. கான்கள் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஓடின.

"ஐயோ," என்றாள் மெதுவாக. "நான் பொறந்ததே இந்த மாதிரி மலையில ஆன்ட்டி. பாதியா வரைஞ்சு வச்சிட்டு வந்திருக்கேனே."

*

விசாரணை அறையின் கதவருகில் விரிவுரையாளர் நடராஜா நின்றார். யாழ்ப்பாணத்தவர். விசாரணைக் குழுவில் தமிழ் தெரிந்த ஒரே ஆள்.

"நீங்கள் ஆர் அம்மா?"

"ஜஹானாட உம்மா."

"தாய் தகப்பன் உள்ளுக்கு வரேலாது. விதி அப்பிடி."

"நான் உம்மாவா வரல்ல சேர். அச்சடிச்ச ஆளா வந்திருக்கிறன்."

நடராஜா அவள் கையிலிருந்த கோப்பைப் பார்த்தார். பின்னால் தாழ்வாரத்தில் வரிசையாக நின்ற பதினான்கு பிள்ளைகளைப் பார்த்தார். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கட்டு.

"ஓம், நில்லுங்கோ. கேட்டுப்போட்டு வாறன்."

உள்ளே விட்டார்கள். நடுக்கதிரையில் இருந்தவர் பேராசிரியை திலகா. நரைத்த தலை, கஞ்சி போட்ட பருத்திச் சேலை. மேசைக்கு இந்தப் பக்கம் ஜஹானா நின்றாள். அவளுக்கு முன்னால் அந்தக் கடிதத்தின் இன்னொரு பிரதியும் ஒரு பேனையும்.

உம்மாவைக் கண்டதும் ஜஹானா திடுக்கிட்டாள். பேனையை அவள் இன்னும் தொட்டிருக்கவில்லை.

பேராசிரியை ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். விசாரணை ஆங்கிலத்தில்தான் நடக்கும், தான் மொழிபெயர்ப்பதாக நடராஜா சொன்னார். ருக்கியா அவரைத் தாண்டிப் பேராசிரியையைப் பார்த்துச் சிங்களத்தில் சொன்னாள்:

"மேடம், உங்களுக்குச் சிங்களம் தெரியும். எனக்கும் தெரியும். சந்தையில, பஸ்ஸில, ஆஸ்பத்திரியில நாங்க அதுலதான் கதைக்கிறோம். இங்க மட்டும் ஏன் மேடம் நடுவில ஒரு ஆள்?"

பேராசிரியை பேனையின் மூடியைப் போட்டார். பிறகு சிங்களத்திலேயே சொன்னார்: "சரி, சொல்லுங்கள்."

ருக்கியா அதிகம் சொல்லவில்லை. கதவைத் திறந்து பிள்ளைகளைக் கூப்பிட்டாள். ஒவ்வொருவராக வந்து, கட்டை எட்டாம் பக்கத்தில் விரித்து மேசையில் வைத்துவிட்டு ஒதுங்கினார்கள். நீண்ட மேசை நிரம்பியது. பதினான்கு பாதி மலைகள். கடைசியாக மூலப்பிரதியை அதே பிழையான ஒழுங்கில் வைத்தாள்.

"இந்தப் பிழை ஹோலில நடக்கல்ல மேடம். என்ட கடையில நடந்தது. நான்தான் அடுக்கின. நான்தான் பின் அடிச்ச. சைன் வைக்கிறதெண்டா நான் வைக்கிறன், கடதாசியத் தாங்க."

மூன்றாவது உறுப்பினர் எழுந்து வந்து கட்டுகளைப் புரட்டிப் பார்த்தார். பேராசிரியை விடைத்தாள் ஒன்றை எடுத்து ஏழாம் பக்கத்தோடு ஒப்பிட்டார். 

"மண்டபத்துக்குள் ஒன்றும் போகவில்லை என்பதை ஏற்கலாம்," என்றார் கடைசியில். "ஆனால் இது இன்னும் மோசம் இல்லையா? ஒரு வசனம் பாதியில் முறிந்து வேறொரு விடைக்குள் போகிறது. பதினான்கு பேரில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. விளங்காததை எழுதியிருக்கிறார்கள்."

"இங்கிலிஷ் விளங்கல்ல மேடம்," என்றாள் ஜஹானாவும் சிங்களத்தில். "பாடம் விளங்கினது. தமிழ்ல கேட்டுப் பாருங்க. இப்பவே."

"இது ஆங்கில மொழிமூலப் பீடம், ஜஹானா."

"தெரியும். அஞ்சு நிமிஷம்தான் கேக்கிறன். அதுக்குப் பிறகும் அவங்களுக்குத் தெரியாதெண்டா, நான் இதுல சைன் வைக்கிறன்."

 பேனை அந்த மேசையிலேயே கிடந்தது.

பேராசிரியை நடராஜாவுக்குத் தலையசைத்தார். நடராஜா பிள்ளைகளைப் பார்த்தார். அவர் கண் அனுஷியாவில் நின்றது.

"பிள்ளை, இஞ்ச வாரும். மலைச்சரிவில கானை ஏன் நேர கீழ வெட்டாமல் சரிச்சு வெட்டுகினம்?"

அனுஷியா வெள்ளைப் பலகையடிக்குப் போனாள்.  மலையை வரைந்தாள், முழு மலை. பிறகு கான்களை வரைந்தாள். 

"நேரா வெட்டுனா தண்ணி ஓடும் சார். ஓடுற தண்ணி மண்ணையும் இழுத்துக்கிட்டுப் போயிரும். சரிச்சு வெட்டுனா தண்ணி நடக்கும். நடக்கிற தண்ணிக்கு மண்ணத் தூக்குற சத்து இல்ல. அப்பவும் கொஞ்சம் வரும். அதுக்குத்தான் கானுக்குள்ள இடைக்கிடை குழி. மண்ணு அதுல தங்கிடும். மழை விட்டதும் அத அள்ளித் தேயிலை வேருக்கே போட்டுருவாங்க." ஒரு கணம் நிறுத்தினாள். "எங்க அப்பா கறுப்பையா இருபத்தஞ்சு வருஷமா கான் வெட்டுறாரு சார். சரிவு ஒரு அடி கூடினா என்னாகும்னு அவரு நின்ன இடத்துல இருந்தே சொல்லுவாரு. ஆனா அவருக்கு இங்கிலிஷ்ல கையெழுத்துகூடப் போடத் தெரியாது."

நடராஜா உடனே மொழிபெயர்க்கவில்லை.

"என்ன சொன்னாள்?" என்று பேராசிரியை கேட்டார்.

"விடை முழுக்கச் சொல்லிப்போட்டா," என்றார் நடராஜா தமிழில். பிறகுதான் தன்னை உணர்ந்து ஆங்கிலத்துக்கு மாறினார்.

*

ஒப்புதல் கடிதத்தைப் பேராசிரியை தானே எடுத்துக் கோப்புக்குள் வைத்தார். மண்டபக் குற்றச்சாட்டைக் கைவிடும்படி எழுதுவதாகச் சொன்னார். பதினான்கு பேருக்கும் மறுபரீட்சை. அது எந்த மொழியில் என்று ஜஹானா கேட்டாள். அதைப் பீடச் சபைதான் தீர்மானிக்க வேண்டும், திங்கட்கிழமை கூடுகிறது என்றார்.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அவர் இன்னொரு தாளை எடுத்து நீட்டினார். இனிமேல் குப்பி நடத்துவதில்லை என்று ஜஹானா எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

ஜஹானா அதை வாங்கி முழுவதும் வாசித்தாள். பக்குவமாகத் திருப்பி வைத்தாள்.

"நோட்ஸ நான் நிப்பாட்டுறன் மேடம். அது என்ட பிழை. என்ட இங்கிலிஷ அவங்கட வாயில திணிச்ச பிழை. இனி மனப்பாடம் பண்ண ஒண்டும் குடுக்க மாட்டன். தமிழ்ல விளங்கப்படுத்துவன், அவங்க அவங்கட இங்கிலிஷ்ல எழுதட்டும், பிழையோட. பிழையான இங்கிலிஷுக்கு நீங்க புள்ளி குறைங்க. முழு மலைக்குப் புள்ளி போடுங்க."

"குப்பி?"

"நாளைக்கு நாலு மணிக்கு மேடம். அதே பெஞ்சில."

பிள்ளைகளில் யாரோ சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. நடராஜா சன்னலுக்கு வெளியே பார்த்தார். பேராசிரியை கோபப்படுவார் என்று ருக்கியா காத்திருந்தாள். அவர் கோபப்படவில்லை. எல்லோரையும் வெளியே போகச் சொன்னார்.

ருக்கியா மூலப்பிரதிக் கோப்பை எடுக்கக் கை நீட்டினாள். அதற்கு முன் பேராசிரியை அதை எடுத்துவிட்டார். கோப்பின் அட்டையில் மூன்று மொழியிலும் கடையின் பெயர் கையால் எழுதப்பட்டிருந்தது. பளீல் எழுதியது. அவருடைய சிங்கள எழுத்து வட்ட வட்டமாக, அச்சுப் போல இருக்கும்.

"இது யாருடைய கையெழுத்து?" அவருடைய சிங்களம் இப்போது வேறு மாதிரி, தாழ்ந்து வந்தது.

"என்ட மாப்பிள்ளட. வபாத்தாகிட்டார். ஒன்பது மாசம்."

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார்.

"பளீல்," என்றார். "எங்கள் பெட்ச். முதல் வருடத்தில் எங்களுக்குக் குப்பி எடுத்தவர். தமிழிலும் எடுப்பார், சிங்களத்திலும் எடுப்பார்."

"ஓ மேடம், கெம்பஸுக்கு வந்தவர்தான். அவரோட வாப்பாவுக்குச் சுகமில்லாம விட்டுட்டு வந்தவர்."

"அப்படியா சொன்னார்?"

தாழ்வாரத்தில் பிள்ளைகளின் பேச்சொலி தூரமாகிக்கொண்டு போனது. 

"இதே மாதிரி ஒரு கடிதத்தை அவருக்கு முன்னாலும் வைத்தார்கள்," என்றார் பேராசிரியை. "அவர் கையொப்பமிட்டார்."

"யாருக்காக?"

பேராசிரியை மேசையில் இன்னும் விரிந்து கிடந்த பாதி மலைகளைப் பார்த்தார்.  எதிரே இருந்த கதிரையைக் காட்டி, "இருங்கள்," என்றார்.

ருக்கியா இருக்கவில்லை.

"செல்லுங்க மேடம்," என்றாள். "நான் நின்டுகிட்டே கேக்கிறன்."